விலக்கியதால் வந்த வினை

டெல் அவிவ் நகரில் மருத்துவர்கள் கூட்டம் ஒன்று. லண்டனிலிருந்து வந்திருந்த குழந்தைகள் அலர்ஜி நிபுணர் கிடியன் லாக் மேடையில் இருந்தார். எதிரே ஏறத்தாழ 200 பேர். அலர்ஜி மருத்துவர்களும் குழந்தை நல மருத்துவர்களும். வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தை யாரையாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார் லாக். இரண்டோ மூன்றோ கைகள்தான் உயர்ந்தன. லண்டனில் இதே கேள்விக்குக் கிட்டத்தட்ட அரங்கம் முழுவதும் கை தூக்கியிருக்கும். அங்கே அது மருத்துவர்களுக்குப் பழகிப்போன நோய்.

அந்த வேறுபாடு லாக்கின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. மரபுதான் காரணமா என்று பார்க்க அவரும் அவருடைய குழுவினரும் ஒரு நல்ல வழி கண்டார்கள். இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளையும் பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2008-ல் முடிவு வெளியானது. பிரிட்டனில் 1.85 சதவீதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி, இஸ்ரேலில் 0.17 சதவீதம்தான். வம்சம் ஒன்று, நோய் மட்டும் பத்து மடங்கு வித்தியாசம்.

இரு நாட்டிலும் எட்டு முதல் பதினான்கு மாதம் வரையிலான யூதக் கைக்குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. இஸ்ரேலில் 'பம்பா' என்றொரு தின்பண்டம் வீட்டுக்கு வீடு உண்டு. சோளத்தைப் பொரித்து வேர்க்கடலை விழுது சேர்த்தது. வாயில் போட்டால் கரைந்துவிடும். பல் முளைக்காத குழந்தையும் சப்பிச் சப்பித் தின்னும். இஸ்ரேல் குழந்தைகள் மாதத்துக்குச் சராசரியாக 7 கிராம் அளவுக்கு வேர்க்கடலைப் புரதம் சாப்பிட்டிருந்தார்கள். பிரிட்டன் குழந்தைகள் சாப்பிட்டது பூஜ்யம்.

பிரிட்டன் தாய்மார்கள் அசட்டையாக இருந்தவர்கள் இல்லை. மருத்துவர்கள் சொன்னதை அப்படியே கேட்டு நடந்தவர்கள். 1998-ல் பிரிட்டன் அரசின் நிபுணர் குழு, அலர்ஜிப் பரம்பரை உள்ள குடும்பங்களில் குழந்தைக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்று சொல்லியிருந்தது. 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் அதே வழியில் போனது. ஒரு வயது வரை பசும்பால் வேண்டாம், இரண்டு வயது வரை முட்டை வேண்டாம், மூன்று வயது வரை வேர்க்கடலையும் மீனும் வேண்டாம் என்றது. குழந்தையின் குடல் முதிராதது, அந்நியப் புரதத்தைத் தள்ளிப்போட்டால் உடம்பு தயாராகிவிடும் என்ற எண்ணமே அடிப்படை. கேட்கச் சரியாகத்தான் இருந்தது. குழந்தைகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு மட்டும் அதற்குப் பின்னால் இல்லை.

அந்த ஆண்டுகளில் நோய் குறையவில்லை. அமெரிக்காவில் தொலைபேசி வழி நடத்தப்பட்ட கணக்கெடுப்புகளில், குழந்தைகளிடையே வேர்க்கடலை அலர்ஜி 1997-ல் 0.4 சதவீதம், 2002-ல் 0.8, 2008-ல் 1.4 என்று ஏறியது. ஏற்றம் அந்த அறிவுரைக்கு முன்பே தொடங்கியது. எல்லாப் பழியையும் அதன் தலையில் போட முடியாது. ஆனால் நோயைத் தடுக்கச் சொன்ன வழி நோயைத் தடுக்கவில்லை, பல குழந்தைகளிடம் அதை வளர்த்தும் விட்டது என்பது இன்று ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அமெரிக்கக் கழகம் 2008-ல் தன் அறிவுரையைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு பிரிட்டனும் பெற்றது. அதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள்.

640 குழந்தைகள்

இஸ்ரேல் ஒப்பீடு ஒரு துப்பு மட்டுமே. பம்பா தின்றதால்தான் நோய் வரவில்லை என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. நிரூபிக்க ஒரே வழி, குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேர்க்கடலை கொடுப்பது, மறு பாதிக்குத் தவிர்ப்பது. அதுவும் சாதாரணக் குழந்தைகளிடம் செய்து பயனில்லை. நோய் வரும் வாய்ப்பு அதிகமாக உள்ளவர்களிடம் செய்ய வேண்டும். பெற்றோர்கள் வேர்க்கடலையைப் பார்த்தாலே பதறிய காலம் அது. அந்தத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை இந்த ஆய்வுக்குக் கொடுத்த துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

'லீப்' என்று பெயரிட்ட அந்த ஆய்வு லண்டனில் நடந்தது. 4 முதல் 11 மாதம் வரையிலான 640 குழந்தைகள். எல்லோருக்கும் கடுமையான கரப்பான், அல்லது முட்டை அலர்ஜி, அல்லது இரண்டும். தோல் சோதனையில் ஏற்கெனவே வேர்க்கடலைக்குப் பெரிய தடிப்பு கண்டவர்களைச் சேர்க்கவில்லை. ஒரு பாதிக் குழந்தைகள் வாரத்துக்கு 6 கிராம் வேர்க்கடலைப் புரதத்தை, மூன்று வேளைகளுக்குக் குறையாமல் பிரித்து, ஐந்து வயது வரை சாப்பிட்டார்கள். மறு பாதியினர் தொடவே இல்லை.

2015 பிப்ரவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவு வந்தது. தவிர்த்தவர்களில் ஐந்து வயதில் வேர்க்கடலை அலர்ஜி வந்தது 17.2 சதவீதம் பேருக்கு. சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம் பேருக்கு. ஐந்தில் நான்கு பங்கு நோய் வராமலே போனது. மருந்து, தடுப்பூசி எதுவும் கிடையாது. கடையில் கிடைக்கிற தின்பண்டத்தையும் கடலை விழுதையும் கொண்டு கிடைத்த பலன் இது.

சாப்பிடுவதை நிறுத்தினால் நோய் திரும்புமா என்ற கேள்வி எழுந்தது. ஓராண்டு நிறுத்திப் பார்த்தார்கள், திரும்பவில்லை. அதன்பின் அந்தக் குழந்தைகளை அவர்கள் போக்கில் விட்டுவிட்டு, பதின்ம வயதில் மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். 2024-ல் வந்த அந்த முடிவில், தவிர்த்த குழுவில் 15.4 சதவீதம் பேருக்கும் சாப்பிட்ட குழுவில் 4.4 சதவீதம் பேருக்கும் அலர்ஜி இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பலர் வேர்க்கடலையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனாலும் முதல் ஐந்தாண்டில் உடம்பு கற்றது நிலைத்துவிட்டது.

ஜப்பானில் முட்டையை வைத்து இதேபோல் செய்தார்கள். கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்திலிருந்து, நன்றாக வேகவைத்த முட்டைப் பொடி மிக மிகச் சிறிய அளவில், நாளுக்கு 50 மில்லிகிராம். ஒன்பதாம் மாதத்தில் 250 மில்லிகிராம். கூடவே கரப்பானையும் களிம்பு போட்டு அடக்கி வைத்தார்கள். ஒரு வயதில் முட்டை அலர்ஜி சாப்பிட்டவர்களில் 8 சதவீதம், சாப்பிடாதவர்களில் 38 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததால் ஆய்வை இடையிலேயே முடித்துக்கொண்டார்கள்.

எல்லாமே இப்படிச் சுலபமாக அமையவில்லை. லண்டனிலேயே தாய்ப்பால் மட்டும் குடித்து வந்த 1,303 சாதாரணக் குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு மூன்றாம் மாதத்திலிருந்தே பால், முட்டை, வேர்க்கடலை, எள், மீன், கோதுமை என்று ஆறு உணவுகளையும் ஊட்டச் சொன்னார்கள். சொன்னபடி செய்ய முடிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. மூன்று மாதக் குழந்தைக்கு வாரம் தவறாமல் ஆறு வகை ஊட்டுவது எவ்வளவு பாடு என்று எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். மொத்தக் கணக்கில் பெரிய பலன் தெரியவில்லை. சொன்னபடி ஊட்டியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அலர்ஜி 7.3 சதவீதத்திலிருந்து 2.4 சதவீதமாகக் குறைந்திருந்தது.

ஒரு நாடே மாறினால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் 2016-ல் புதிய அறிவுரை வந்த பிறகு பெரும்பாலான பெற்றோர் முதல் ஆண்டிலேயே வேர்க்கடலை கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் மெல்போர்ன் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, அலர்ஜி 3.1 சதவீதத்திலிருந்து 2.6-க்குத்தான் இறங்கியிருந்தது. எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் செய்தி இதைவிட நன்றாக இருக்கிறது. 2017-ல் வந்த புதிய வழிகாட்டுதலுக்குப் பிறகு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி முன்பைவிட 43 சதவீதம் குறைந்திருப்பதாக ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2025-ல் தெரிவித்தார்கள். ஒரு பரிசோதனையில் கண்டது ஒரு தேசத்தின் மருத்துவப் பதிவுகளில் தெரிய இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

வாசல் வழியும் கொல்லை வழியும்

வாயாலேயே சாப்பிடாத குழந்தைக்கு அலர்ஜி எப்படி வந்தது? இந்தக் கதையில் என்னை அதிகம் ஈர்த்த கேள்வி இதுதான். உடம்பு ஒரு பொருளை ஏற்கெனவே சந்தித்து, அதைப் பகையாக மனதில் குறித்துக்கொண்டால்தான் அலர்ஜி வரும். வேர்க்கடலையை வாயில் வைத்தே அறியாத குழந்தை, முதல்முறை தின்றவுடனே முகம் வீங்கி மூச்சுத் திணறுகிறது என்றால், அந்த முதல் சந்திப்பு எங்கே நடந்தது?

தோலில். பிரிட்டனின் ஏவன் பகுதியில் ஏறத்தாழ 14,000 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதிலிருந்து லாக் குழுவினர் 2003-ல் எடுத்துக்காட்டியது இது: கரப்பானுக்குத் தடவிய சில களிம்புகளில் வேர்க்கடலை எண்ணெய் கலந்திருந்தது, அவற்றைத் தடவிய குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி பல மடங்கு அதிகம். 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் இன்னொரு முனையைப் பிடித்தார்கள். தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பிழை இருந்தால், தோல் வறண்டு வெடித்துக் கரப்பான் வருகிறது. அந்த வெடிப்புகள் வழியே வீட்டுத் தூசியில் இருக்கும் உணவுத் துகள்கள் உள்ளே நுழைகின்றன. வேர்க்கடலை தின்னும் வீடுகளில் கட்டில், விரிப்பு, மேசை எல்லாவற்றிலும் அதன் புரதம் இருப்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

வாசல் வழி வருகிறவரை வீட்டார் விருந்தாளியாக உட்கார வைப்பார்கள். கொல்லைச் சுவர் ஏறிக் குதிப்பவரைக் கள்ளன் என்று கூச்சலிடுவார்கள். ஆள் ஒருவரேதான். வாய் வழியாகக் குடலுக்குப் போகும் புரதத்தை, இது உணவு, விட்டுவிடு என்று அடக்கி வைக்கும் அணுக்கள் அங்கே இருக்கின்றன. வெடித்து வீங்கிய தோல் வழியே வரும் அதே புரதத்தை, தோலின் காவல் அணுக்கள் ஒட்டுண்ணியோ நஞ்சோ என்று எடுத்துக்கொண்டு, அதற்கென்றே ஐஜிஇ எனப்படும் எதிர்ப்பொருளை உண்டாக்க வைக்கின்றன. இரண்டில் எது முந்துகிறது என்பதில்தான் குழந்தையின் தலைவிதி இருக்கிறது. கரப்பான் உள்ள குழந்தைக்கு வேர்க்கடலையை மூன்று வயது வரை தள்ளிப்போட்டதன் பொருள், வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்ததுதான்.

நம்புவதற்குக் கடினமாக இருந்தால் ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். முகம் கழுவும் சோப்பு ஒன்றில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்திருந்தார்கள். வாழ்நாள் முழுதும் ரொட்டியும் நூடுல்ஸும் சாப்பிட்டு வந்த பெரியவர்கள், பெரும்பாலும் பெண்கள், அந்தச் சோப்பைப் பயன்படுத்திய பிறகு கோதுமை சாப்பிட்டாலே தடிப்பும் மயக்கமுமாக விழத் தொடங்கினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 2011-ல் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் பலருக்கு அலர்ஜி மெல்ல மெல்லத் தணிந்தது.

அப்படியானால் தோலைக் காப்பாற்றினால் அலர்ஜியைத் தடுக்கலாமே? பிறந்தது முதல் தினமும் ஈரப்பசைக் களிம்பு தடவிப் பார்த்தார்கள். பிரிட்டனில் 1,394 குழந்தைகளிடம் நடந்த அந்த ஆய்வு 2020-ல் வந்தது. கரப்பானைக்கூடத் தடுக்க முடியவில்லை. வந்துவிட்ட கரப்பானைத் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு களிம்பால் அழுத்தமாக அடக்கினால் ஓரளவு பலன் இருக்கிறது. ஜப்பானில் 650 குழந்தைகளிடம் செய்ததில் முட்டை அலர்ஜி 41.9 சதவீதத்திலிருந்து 31.4-க்கு இறங்கியது. ஆனால் அந்தக் குழந்தைகளின் எடையும் உயரமும் சற்றே குறைந்திருந்ததால், எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க ஆய்வாளர்களே தயங்குகிறார்கள்.

நம் வீட்டுக் கரப்பான்

தமிழ்நாட்டில் குழந்தைக்குக் கரப்பான் வந்தால் முதலில் நடப்பது சாப்பாட்டுத் தட்டைக் காலி செய்வது. கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை, கடலை எல்லாம் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கிவிடுவோம். பாட்டி சொல்வதும் அதுதான். பல இடங்களில் மருத்துவர் சொல்வதும் அதுதான். குழந்தையின் மேல் உள்ள அக்கறையில் சொல்வது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் மேலே சொன்ன ஆராய்ச்சிகளின் வெளிச்சத்தில் பார்த்தால், இதில் ஆபத்து இருக்கிறது. கரப்பான் உள்ள குழந்தை ஓர் உணவைத் தொல்லையின்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அதை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தால், அப்போது உடனடி அலர்ஜி தாக்கலாம். அமெரிக்க மருத்துவமனைகளில் இத்தகைய குழந்தைகளைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை குடல் அதை அடக்கி வைத்திருந்தது. நிறுத்தியதும் தோலின் கை ஓங்கிவிட்டது.

இன்னொன்று. குழந்தையைக் கடலைமாவு, பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல தோலுள்ள குழந்தைக்கு அதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வெடித்து நீர் வடியும் கரப்பான் தோலில் மட்டும் உணவுப் பொருள் எதையும் தேய்க்க வேண்டாம். கரப்பான் உள்ளவர்கள் உணவுப்பொருள் கலந்த களிம்பு, சோப்பு எதையும் தவிர்க்கும்படி ஆஸ்திரேலிய அலர்ஜி மருத்துவர் சங்கம் சொல்கிறது. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்ற நம் நாட்டு அறிவுரையோடு புதிய கண்டுபிடிப்புக்கு மோதல் எதுவும் இல்லை. ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போது, கஞ்சி, பருப்புச் சாதத்தோடு முதல் ஆண்டுக்குள்ளேயே வேகவைத்த முட்டையும் வேர்க்கடலையும் வந்துவிட வேண்டும், வந்தபின் வாராவாரம் தொடர வேண்டும் என்பதுதான் சாரம். முழுக் கடலையையும் உடைத்த கடலையையும் ஐந்து வயது வரை கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழலில் போய் அடைத்துவிடும். மையாக அரைத்துக் கஞ்சியிலோ தயிரிலோ கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள குழந்தையாக இருந்தால், முதல் வாய் ஊட்டும் முன் குழந்தை நல மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்; வீட்டில் சொந்தமாக முயல வேண்டாம்.

நம் ஊரில் உணவு அலர்ஜி குறைவு என்பதும் உண்மைதான். பெங்களூரு, மைசூரு பகுதியில் மருத்துவர் மகேஷ் தலைமையில் நடந்து 2016-ல் வெளியான பெரிய ஆய்வில், பெரியவர்களில் 26.5 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. ஆனால் உணவு அலர்ஜி இருக்கக்கூடும் என்று கணிக்க முடிந்தது 1.2 சதவீதம் பேரைத்தான். குழந்தைகளிடம் அதைவிடக் குறைவு, 0.14 சதவீதம். அதே ஆய்வுத் திட்டத்தில் ஹாங்காங் குழந்தைகளிடம் 1.5 சதவீதம். பிறந்த முதல் ஆண்டில் விவசாயச் சூழலில் வளர்ந்த குழந்தைகளுக்குக் காப்பு இருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது.

26.5-க்கும் 1.2-க்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் ஒவ்வொரு பெற்றோரும் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ரத்தத்தில் ஐஜிஇ இருப்பதாலேயே அலர்ஜி என்று ஆகிவிடாது. சாப்பிட்டால் ஏதாவது நேர்கிறதா என்பதுதான் கேள்வி. நூறு, இருநூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத் துளியில் சோதனை செய்து, பட்டியல் போட்டுத் தருகிற பரிசோதனைக் கூடங்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவற்றில் சில அளப்பது ஐஜிஇ-ஐக்கூட இல்லை. ஐஜிஜி என்ற வேறொன்றை. நாம் வழக்கமாகச் சாப்பிடும் எந்த உணவுக்கும் அது ரத்தத்தில் இருக்கும். அதைக்கொண்டு அலர்ஜியைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஐரோப்பிய, அமெரிக்க அலர்ஜிச் சங்கங்கள் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கின்றன. அந்தத் தாளை நம்பி அரிசி, பால், கோதுமை, பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, எடை ஏறாமல் நோஞ்சானாக நிற்கும் குழந்தைகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு இந்தக் காப்பு கூடவே வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த, ஆசியப் பெற்றோரின் குழந்தைகளிடம் கடலை, கொட்டை வகை அலர்ஜி அதிகம். ஆசியாவிலேயே பிறந்து பிறகு அங்கே போன குழந்தைகளிடம் குறைவு. அந்த ஆய்வுகளில் பெரும்பான்மையினர் கிழக்காசியக் குடும்பங்கள்தான். ஆனாலும் மெல்போர்னிலும் சிட்னியிலும் பிள்ளை பெறும் தமிழ்க் குடும்பங்கள், எங்கள் பரம்பரையில் இதெல்லாம் கிடையாது என்று இருந்துவிடக் கூடாது.

வந்துவிட்டவர்களுக்கு

தடுப்பது ஒரு புறம். ஏற்கெனவே அலர்ஜி வந்துவிட்ட பிள்ளைக்கு என்ன வழி? நீண்ட காலமாக ஒரே பதில்தான்: தவிர்த்துவிடு, தவறித் தின்றால் ஊசி போட்டுக்கொள். பள்ளி, விருந்து, ரயில் பயணம் எல்லாவற்றிலும் அந்தத் தாய்க்கு அச்சம்தான் கூட்டாளி.

மாற்று வழியை 1908-லேயே ஒருவர் காட்டியிருந்தார். ஆல்ஃபிரட் ஸ்கோஃபீல்ட் என்ற ஆங்கில மருத்துவர். முட்டை பட்டாலே சாவின் விளிம்புக்குப் போகும் 13 வயதுச் சிறுவனுக்கு, முட்டையின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை மாத்திரைக்குள் வைத்துக் கொடுக்கத் தொடங்கி, சிறுகச் சிறுகக் கூட்டினார். சில மாதங்களில் அவன் முட்டை சாப்பிட்டான். 'லான்செட்' இதழில் அது வெளிவந்தது. பிறகு பெரும்பாலோர் மறந்தும் போனார்கள்.

அந்த முறைதான் நூறாண்டு கழித்து முறையான மருந்தாக வந்திருக்கிறது. அளந்து பொதிந்த வேர்க்கடலை மாவு அரை மில்லிகிராமில் தொடங்கி, பல மாதங்களில் 300 மில்லிகிராம் புரதம் வரை போகிறது. அதாவது ஏறத்தாழ ஒரு கடலை. 2018-ல் வந்த ஆய்வில், 4 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் மருந்து எடுத்த 67 சதவீதம் பேர், முடிவில் 600 மில்லிகிராமைத் தாங்கினார்கள். வெற்று மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம்தான். 2020 ஜனவரியில் அமெரிக்கா இதை அனுமதித்தது. ஆனால் வயிற்று வலி, வாந்தி, சில வேளை கடும் தாக்குதல் என்று வழியெல்லாம் முள். ஐந்தில் ஒருவர் நடுவிலேயே விலகினார். தினமும் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு ஓடியாடக் கூடாது, வெந்நீரில் குளிக்கக் கூடாது. நிறுத்தினால் பலருக்குப் பாதுகாப்பு போய்விடும். இதைக் குணமாக்கல் என்று சொல்ல முடியாது. தவறி ஒரு கடலை வாயில் போனால் உயிர் பிழைப்பதற்கான கவசம்.

சீக்கிரம் தொடங்கினால் நிலைமை மேம்படுகிறது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2022-ல் வந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தாங்கும் சக்தி பெற்றார்கள். அரை ஆண்டு நிறுத்திய பிறகும் அதைத் தக்கவைத்தவர்கள் 21 சதவீதம். ஐந்தில் ஒரு குழந்தைக்கு நோயே அடங்கிப்போகிறது என்பது சிறிய செய்தியில்லை.

இன்னொரு பாதை, அலர்ஜியின் ஆயுதமான ஐஜிஇ-ஐயே பிடுங்கிக்கொள்வது. அந்த ஆயுதத்தைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. 1921-ல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் இரண்டு மருத்துவர்கள். ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. கார்ல் ப்ராவ்ஸ்னிட்ஸுக்கு ஆகும். கூஸ்ட்னரின் ரத்த நீரை ப்ராவ்ஸ்னிட்ஸின் தோலுக்கடியில் செலுத்தி, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார்கள். அந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. அலர்ஜி ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒரு பொருளால் வருகிறது என்று தெரிந்தது. அந்தப் பொருள் ஐஜிஇ என்று 1960-களில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிச்சும் தனித்தனியே கண்டறிந்தார்கள்.

ஐஜிஇ-ஐ ரத்தத்திலேயே கட்டிப்போடும் ஊசி மருந்து வேர்க்கடலை அலர்ஜிக்கு உதவும் என்று 2003-லேயே ஓர் ஆய்வு காட்டியது. அரைக் கடலைக்கே துவண்டவர்கள், கூடுதல் அளவு மருந்துக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்பது கடலை வரை தாங்கினார்கள். மருந்து நிறுவனங்களுக்கிடையே எழுந்த சச்சரவில் அந்த மருந்து கைவிடப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த ஓமாலிசுமாப், ஆஸ்துமா போன்ற வேறு நோய்களுக்கு அனுமதி பெற்று இருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ராபர்ட் வுட் தலைமையில் அதைக் குழந்தைகளிடம் சோதித்து முடிவு வந்தது 2024 பிப்ரவரியில். 16 வாரம் ஊசி போட்ட பிறகு 67 சதவீதம் பேர் 600 மில்லிகிராம் வேர்க்கடலைப் புரதத்தைத் தாங்கினார்கள். வெற்று ஊசி போட்டவர்களில் 7 சதவீதம். வேர்க்கடலை மட்டுமில்லை, பால், முட்டை, முந்திரி போன்றவற்றிலும் பலன் தெரிந்தது. அதே மாதத்தில் அமெரிக்கா ஒரு வயதுக்கு மேற்பட்டோருக்கு அனுமதியும் கொடுத்தது. இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை ஊசி தொடர வேண்டும்; செலவு சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது; சிலருக்குப் பலனே இல்லை. இருபது ஆண்டு தாமதத்தில் எத்தனை பிள்ளைகளின் பயம் நீண்டது என்ற கணக்கை யாரிடம் கேட்பது?

இன்றே செய்ய வேண்டியது

இந்தப் புது மருந்துகள் எல்லாம் நமக்கு வந்து சேர நாளாகலாம். ஆனால் கடும் அலர்ஜித் தாக்குதலில் உயிரைக் காப்பாற்றும் மருந்து நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது, விலையும் மலிவு. அட்ரினலின். சாப்பிட்ட சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உடம்பெங்கும் தடிப்பு, உதடு, நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, துவண்டு மயங்குதல் என்று ஒன்றோடொன்று சேர்ந்து வந்தால், தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். செட்ரிசின், ஏவில் போன்றவை அரிப்பைத் தணிக்கும். மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது. அவற்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் உயிர்கள் போகின்றன.

மேலைநாடுகளில் பிள்ளைகள் பள்ளிப் பையிலேயே அட்ரினலின் பேனா ஊசியை எடுத்துப் போகிறார்கள். 2024-ல் மூக்கில் பீய்ச்சும் வடிவத்துக்கும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நம் ஊர் மருந்துக் கடையில் அந்தப் பேனா எளிதில் கிடைப்பதில்லை. இங்கே மருத்துவர்கள் ஆம்பூலையும் ஊசியையும் கொடுத்து, எவ்வளவு எடுப்பது, எங்கே குத்துவது என்று பெற்றோருக்குப் பழக்கிவிடுகிறார்கள். பதறிய கைகளோடு கண்ணாடி ஆம்பூலை உடைத்து அளவு பார்த்து எடுக்க வேண்டிய கட்டாயத்தில் ஒரு தாயை நிறுத்துவது நியாயமில்லை. பேனா ஊசியை அரசு முன்வந்து வரவழைக்க வேண்டும். அதுவரை, ஒருமுறை கடும் அலர்ஜி வந்த குழந்தையின் பெற்றோர் தங்கள் மருத்துவரிடம் அந்த ஊசியைக் கேட்டு வாங்கி, போடும் முறையை எழுதியும் வாங்கி, பள்ளியிலும் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து வைக்கட்டும். ஊசி போட்டவுடன் 108-ஐ அழைக்க வேண்டும். குழந்தையை எழுப்பி நடத்தக் கூடாது. படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும், மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வைக்கலாம். ஊசியில் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் வைத்திருந்துதான் அனுப்புவார்கள். அடங்கிய தாக்குதல் மறுபடி கிளம்புவதுண்டு.